நிலவில் இறங்கிய இயந்திரம் சிந்தித்ததா?

நிலவைக் காட்டிச் சோறூட்டாத தாய் நம்மிடையே அரிது. நம் புலவர்களும் நிலவை விட்டுவைத்ததில்லை. அறிவியல் வளர்ந்த பிறகு நிலவில் மனிதன் கால் பதித்த வரலாற்றையும் நாம் பள்ளிப் பாடநூல்களில் படித்துவிட்டோம். நீல் ஆம்ஸ்ட்ராங் என்ற பெயரை அறியாத தமிழ்ப்பள்ளி மாணவர் இருக்க முடியாது. ஆனால், அவரோடு நிலவில் இறங்கிய கணினியைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அக்கணினியைப் பற்றியும், அதற்குப் பின் ஆளில்லாமல் நிலவுக்குச் சென்ற சில இயந்திரங்களைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம். "இயந்திரம் சிந்திக்குமா?" என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி. அக்கேள்வியை என்னிடம் முதன்முதலில் கேட்டவர் பேராசிரியர் அல்லர், என் பாட்டி.

பாட்டியின் கேள்வி

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் இரவு. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நான், இந்தியாவின் சந்திரயான் 3 நிலவில் இறங்கும் காட்சியைக் கைப்பேசியில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டியும் பக்கத்தில் வந்து அமர்ந்துகொண்டார். மலேசிய நேரம் 8.34க்கு விக்ரம் என்னும் தரையிறங்கு கலம் நிலவைத் தொட்டது. திரையில் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.

"உள்ள ஆளு இருக்காங்களா?" என்று பாட்டி கேட்டார்.

"இல்ல பாட்டி, வெறும் மெஷினுதான். தானாவே இறங்கிடுச்சு."

"அப்படின்னா அதுக்கு யோசிக்கத் தெரியுமா கண்ணு?"

நான் கணினித்துறை மாணவி. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் எனக்கு ஒரு பாடமாக மட்டும் இருந்தது. கணினியைப் பற்றி நான் கற்றதெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். ஆகவே, என் சொந்தத் துறையைப் பற்றி என் பாட்டி கேட்ட கேள்விக்கு அவர் மொழியில் சொல்ல என்னிடம் சொல் இல்லை. "ஒரு மாதிரி யோசிக்கும் பாட்டி" என்று மழுப்பிவிட்டேன். அவரும் தலையாட்டிவிட்டு உறங்கப் போய்விட்டார். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.

பாட்டிக்கு நிலவுப் பயணம் புதிய செய்தியன்று. 1969ஆம் ஆண்டு ஜூலை 21, திங்கட்கிழமை. ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது தீபகற்ப மலேசியாவில் காலை மணி 10.26. பாட்டிக்கு அப்போது பதினெட்டு வயது. விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், இரப்பர் மரங்களில் பால் வெட்டி முடித்து, மங்குகளில் நிறைந்திருந்த பாலை வாளியில் சேர்த்துக்கொண்டிருந்த நேரம். கிராணி வீட்டு வானொலியில் வந்த செய்தியைத் தண்டல் வந்து சொன்னாராம். பால் நிறுக்கும் இடத்தில் அன்று முழுதும் அதே பேச்சாம். அப்படிப்பட்டவருக்கு ஒரு நேரான பதிலைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்கு வித்திட்டது.

கையால் நெய்த நினைவகம்

ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கிய கலத்தின் பெயர் ஈகிள். அதிலிருந்த வழிகாட்டிக் கணினியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கருவியியல் ஆய்வுக்கூடம் வடிவமைத்தது. அதன் எடை ஏறத்தாழ 32 கிலோகிராம். அதன் நினைவகத்தில் மாற்ற முடியாத பகுதி 36,864 'சொற்கள்'. எழுதி அழிக்கக்கூடிய பகுதி 2,048 'சொற்கள்'. இங்கே 'சொல்' என்பது 16 பிட்டுகள் கொண்ட ஓர் அலகைக் குறிக்கும். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அந்த நினைவகத்தில் சேமிக்க இயலாது.

மாற்ற முடியாத அந்த நினைவகம் உருவான விதம் வியப்பானது. சின்னஞ்சிறு காந்த வளையங்களின் ஊடே மெல்லிய செம்புக் கம்பியைக் கோத்தார்கள். கம்பி வளையத்துக்குள் நுழைந்து சென்றால் 1. வளையத்துக்கு வெளியே சென்றால் 0. இவ்வேலையை வால்தம் நகரில் இருந்த ரேதியான் நிறுவனத் தொழிற்சாலையில் பெண் தொழிலாளர்கள் செய்தார்கள். துணி நெய்வதைப் போலவே நிரலை நெய்தார்கள் எனலாம். நெய்து முடித்த பின் நிரலில் ஒரு பிழை தெரிய வந்தால் அதை எளிதில் திருத்த முடியாது. எனவே, நிலவுக்கு மேலே என்னென்ன நேரலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே பூமியில் யோசித்தாக வேண்டியிருந்தது.

அப்படி யோசித்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் மார்கரெட் ஹாமில்டன். பறப்பு மென்பொருளை எழுதிய குழுவுக்குத் தலைமையேற்றவர். அவர் சில வேளைகளில் தம் சிறு மகளையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் செல்வார். ஒரு நாள் அந்தக் குழந்தை விளையாட்டாகப் பொத்தான்களை அழுத்தியதில் மாதிரிக் கணினி நின்றுபோனது. பறந்துகொண்டிருக்கும்போது, புறப்படுவதற்கு முன் இயக்க வேண்டிய நிரல் ஒன்றைக் குழந்தை தேர்ந்தெடுத்துவிட்டது. இதைத் தடுக்க ஒரு பாதுகாப்பைச் சேர்க்கலாம் என்றார் ஹாமில்டன். விண்வெளி வீரர்கள் நன்கு பயிற்சி பெற்றவர்கள், அவர்கள் இப்படித் தவறு செய்யமாட்டார்கள் என்று மேலிடம் மறுத்துவிட்டது. 1968ஆம் ஆண்டு டிசம்பரில் அப்போலோ 8 பயணத்தின்போது வீரர் ஜிம் லவல் அதே தவற்றைச் செய்தார். திசை காட்டும் தரவுகள் அழிந்துபோயின. அவற்றைப் பூமியிலிருந்து மீண்டும் அனுப்ப வேண்டியதாயிற்று.

எச்சரிக்கை எண் 1202

இனி, 1969 ஜூலைக்கு வருவோம். ஈகிள் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் கணினித் திரையில் 1202 என்ற எச்சரிக்கை எண் தோன்றியது. அதன் பொருள் என்னவென்று வீரர்களுக்கு உடனே தெரியவில்லை. செய்ய வேண்டிய வேலைகள் அளவுக்கு மீறிவிட்டன, இனி வேலை ஏற்க இடமில்லை என்று கணினி முறையிட்டது. தாய்க்கலத்தைத் தேடும் ரேடார் ஒன்று, அப்போது தேவைப்படாத நிலையிலும், ஓயாமல் சைகைகளை அனுப்பிக் கணினியின் நேரத்தை வீணடித்ததே இதற்குக் காரணம் என்பது பின்னர் தெரிய வந்தது.

வேலை மிகுந்தால் சாதாரணக் கணினி உறைந்துபோகும். தேர்வுக்கு முதல் நாள் இரவு நம் மடிக்கணினி உறைந்துபோவதை நாம் அறிவோம். ஆனால், ஈகிளின் கணினியில் ஒவ்வொரு வேலைக்கும் முன்னுரிமை வரிசை ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. ஹால் லானிங் என்ற அறிஞர் வகுத்த முறை அது. நெருக்கடி வந்ததும் கணினி எல்லாவற்றையும் ஒரு கணம் நிறுத்தியது. முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டது. கலத்தை நேராகப் பறக்க வைக்கும் வேலையையும் இறக்கும் வேலையையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இறங்கும்போது இப்படிப் பல முறை நிகழ்ந்தது.

பூமியில் என்ன நடந்தது? இறங்கலாமா, திரும்பிவிடலாமா என்று சொல்ல வேண்டிய பொறுப்பு ஸ்டீவ் பேல்ஸ் என்ற பொறியியலாளரிடம் இருந்தது. அவருக்கு வயது 26. அவருக்குத் துணையாகப் பின்னறையில் இருந்த ஜாக் கார்மனுக்கு வயது 24. கார்மனிடம் கையால் எழுதிய ஒரு பட்டியல் இருந்தது. எந்த எச்சரிக்கை எண் வந்தால் தொடரலாம், எது வந்தால் நிறுத்த வேண்டும் என்ற பட்டியல் அது. பயணத்துக்குச் சில நாள்களுக்கு முன் நடந்த ஓர் ஒத்திகையில் இதே வகை எச்சரிக்கை வந்தபோது, பேல்ஸ் பயணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். அது தவறான முடிவு என்று தெரிந்ததும், எல்லா எச்சரிக்கைகளையும் ஆராய்ந்து பட்டியலிடும்படி பறப்பு இயக்குநர் ஜீன் கிரான்ஸ் பணித்தார். ஒத்திகையில் அடைந்த அந்தத் தோல்வியிலிருந்து பிறந்த காகிதமே உண்மையான நெருக்கடியில் கைகொடுத்தது. தொடரலாம் என்று கார்மன் சொன்னார். பேல்ஸ் அதை உறுதிப்படுத்தினார். கடைசிக் கட்டத்தில் பாறைகள் நிறைந்த பள்ளத்தைக் கண்ட ஆம்ஸ்ட்ராங், கலத்தைத் தாமே செலுத்தி, சமமான இடத்தில் இறக்கினார்.

சிந்தித்துப் பாருங்கள். அந்த நாளில் இறங்கும் முடிவைத் தாங்கி நின்றவர்கள் நம்மைவிட ஓரிரு வயது மூத்தவர்களே!

கண்ணை நம்பாத கருவி

ஈகிளில் மனிதர் இருந்தார். இன்று நிலவுக்குச் செல்லும் தரையிறங்கு கலங்களில் மனிதர் இல்லை. நிலவு நம்மிடமிருந்து சராசரியாக 384,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒளியின் வேகத்தில் செல்லும் வானொலிச் சைகை அங்கே போய்ச் சேர ஏறத்தாழ ஒன்றேகால் விநாடி ஆகும். போய்த் திரும்ப இரண்டரை விநாடி. இறங்கும் கலத்தைப் பூமியிலிருந்து கைப்பிடித்து நடத்த இந்தத் தாமதமே தடையாகிறது. கடைசி நிமிடங்களில் கலம் தானே பார்த்து, தானே அளந்து, தானே முடிவெடுக்க வேண்டும்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மூன்றாம் ஆண்டில் நான் ஒரு சிறு தானியங்கி வண்டியைச் செய்தேன். எதிரே உள்ள பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை ஒலியலையால் அளக்கும் உணரி அதில் இருந்தது. அவ்வுணரி சில வேளைகளில் திடீரென்று தவறான எண்ணைக் காட்டும். ஆகவே, அளவு சட்டென்று மாறினால் அதைப் பிழையென்று தள்ளிவிடும்படி நிரல் எழுதினேன். ஒத்திகைகளில் வண்டி அழகாக ஓடியது. விளக்கிக் காட்டும் நாளில், நடுவர் ஒருவர் தம் பையை எடுத்து வண்டிக்கு முன்னே திடீரென வைத்தார். உணரி உண்மையைச் சொன்னது. என் நிரல் அதைப் பொய் என்று தள்ளியது. வண்டி பையில் போய் முட்டி, சக்கரங்கள் சுழன்றுகொண்டே நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இதே வகைத் தவறு நிலவிலும் நடந்திருப்பதைப் பின்னர் படித்தபோது நான் அடைந்த வியப்புக்கு அளவில்லை. ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனம் அனுப்பிய ஹக்குத்தோ-ஆர் கலம் 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் நிலவில் இறங்க முயன்றது. அது ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பைக் கடந்தபோது கீழே தரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் சரிந்தது. உயரமானி அதைச் சரியாகவே அளந்தது. ஆனால், இவ்வளவு பெரிய மாற்றம் திடீரென்று வருவது உயரமானியின் கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்று மென்பொருள் முடிவு செய்து, அதன் அளவைப் புறக்கணித்தது. தரையை நெருங்கிவிட்டதாக எண்ணிக்கொண்டு, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்திலேயே மெல்ல மெல்ல இறங்கியது. எரிபொருள் தீர்ந்தது, கலம் விழுந்து நொறுங்கியது. திட்டத்தின் பிற்பகுதியில் இறங்கும் இடம் மாற்றப்பட்டிருந்தது. புதிய பாதையின் நில அமைப்பு ஒத்திகைகளில் போதுமான அளவு சேர்க்கப்படவில்லை.

கருவியின் கண் பழுதாகவில்லை. கண்ணை எப்போது நம்புவது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததில்தான் குறை இருந்தது.

விக்ரம் கற்ற பாடம்

இனி, பாட்டி பார்த்த விக்ரமுக்கு வருவோம். இந்தியாவின் முதல் நிலவுக்கலமான சந்திரயான் 1, 2008ஆம் ஆண்டு அக்டோபரில் புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. நிலவில் நீர் மூலக்கூறுகள் இருப்பதை உலகுக்குக் காட்டிய பயணம் அது. அடுத்து 2019ஆம் ஆண்டில் சென்ற சந்திரயான் 2, விக்ரம் என்ற பெயரிலேயே ஒரு தரையிறங்கு கலத்தை எடுத்துச் சென்றது. நிலவின் மண்ணையொத்த மண்ணில் சோதனைகள் நடத்துவதற்காக, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் பாறையைப் பொடித்துப் பயன்படுத்தினார்கள். நிலவின் மேட்டுநிலங்களில் காணப்படும் அனார்த்தசைட்டு என்னும் பாறைவகை அங்கே கிடைப்பதே காரணம்.

அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாள் அதிகாலையில் அந்த விக்ரம் நிலவில் மோதி நொறுங்கியது. காரணத்தை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பின்னர் விளக்கியது. கலத்தின் ஐந்து இயந்திரங்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் விசையைக் கொடுத்தன. அதனால் ஏற்பட்ட பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைத் திருத்தக் கலம் விரைவாகத் திரும்ப வேண்டியிருந்தது; ஆனால், எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதற்கு மென்பொருளில் ஒரு வரம்பு இருந்தது. இறங்குவதற்குக் குறிக்கப்பட்ட இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் மட்டுமே.

அடுத்த கலத்தை வடிவமைக்கும்போது அறிவியலாளர்கள் கேள்வியையே மாற்றிக்கொண்டார்கள். எது சரியாக நடக்கும் என்று கணக்கிடுவதற்குப் பதிலாக, எதெல்லாம் தவறாகலாம், தவறினாலும் எப்படி இறங்குவது என்று கேட்டார்கள். உணரி பழுதானால் என்ன செய்வது? இயந்திரம் பழுதானால்? கணக்கு பிசகினால்? நடுவிலிருந்த ஐந்தாவது இயந்திரத்தை நீக்கினார்கள். கால்களை வலுவாக்கினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். வேகத்தை லேசர் ஒளியால் அளக்கும் புதிய கருவியைச் சேர்த்தார்கள். இறங்கும் இடத்தை ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிவாக்கினார்கள். உணரிகளை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். இத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். இரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன். பாலிடெக்னிக்கில் பட்டயக் கல்வியிலிருந்து படிப்படியாக உயர்ந்தவர்.

2023 ஆகஸ்டு 23 அன்று, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தொடங்கிய இறக்கம் 19 நிமிடம் நீடித்தது. தரையிலிருந்து 150 மீட்டர் உயரத்தில் கலம் சில விநாடிகள் அந்தரத்தில் நின்றது. கீழே பாறையும் பள்ளமும் இல்லாத இடத்தைத் தன் படக்கருவிகளால் பார்த்துத் தேர்ந்த பிறகே இறங்கியது. அந்தச் சில விநாடிகளைப் பார்த்துத்தான் பாட்டி "யோசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார் போலும்!

அப்படியானால், சிந்தித்தது யார்?

1950ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங் இதே கேள்வியை எழுப்பினார். 'சிந்தனை' என்பதற்கு இலக்கணம் வகுப்பது கடினம் என்பதால், இயந்திரத்தோடு எழுத்தில் உரையாடும் ஒருவரால் அதை மனிதரிடமிருந்து வேறுபடுத்த முடிகிறதா என்று சோதிக்கலாம் என்றார். இன்று விடுதி அறையில் அமர்ந்து நாம் கேட்பதற்கெல்லாம் சரளமாகப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு செயலிகள் வந்துவிட்டன. அவை மனிதர் எழுதிவைத்த ஏராளமான எழுத்துகளிலிருந்து அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கக் கற்றவை. பேச்சில் அவை மனிதரை ஒத்திருக்கின்றன. ஆனால், நிலவில் இறங்கும் இயந்திரத்துக்குப் பேச்சுத் திறன் உதவாது. எதைக் கைவிடலாம், எதைக் கைவிடக்கூடாது, எதை நம்பலாம் என்பதே அதற்குத் தெரிய வேண்டும். ஈகிளின் கணினியும் விக்ரமும் அவற்றை அறிந்திருந்தன. அவ்வறிவு, தவறுகளைச் சந்தித்த மனிதர்கள் பூமியில் இருந்தபடி முன்னரே யோசித்து வைத்தது. நிலவில் இருந்த கருவி அதைத் தக்க நேரத்தில் செயல்படுத்தியது என்பதே என் கருத்து.

இதைப் பாட்டிக்கு எப்படிச் சொல்வது? கடந்த விடுமுறையில் அவரிடமே ஒரு கேள்வி கேட்டேன்.

"பாட்டி, வேலைக்காட்டுல பாதி மரம் வெட்டியிருக்கும்போது மழை வந்தா என்ன செய்வீங்க?"

"மீதி மரத்த அப்படியே விட்டுட்டு, மங்குல இருக்கிற பால எடுக்க ஓடுவோம். தண்ணி விழுந்தா பாலு போச்சே!"

"யோசிச்சா ஓடுவீங்க?"

"யோசிக்க ஏது நேரம்? எங்கம்மா சொல்லிக்கொடுத்தது."

"நிலாவுல அந்த மெஷினும் அதத்தான் பாட்டி செஞ்சது. வேலை ரொம்ப ஆனதும் மத்ததெல்லாம் விட்டுட்டு, முக்கியமானத மட்டும் பிடிச்சுக்கிச்சு."

பாட்டி சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்ப அதுக்குச் சொல்லிக்கொடுத்தவங்கதான் யோசிச்சிருக்காங்க" என்றார். நான் பல பக்கங்களில் எழுதியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நிறைவாக

சக மாணவ நண்பர்களே, பொறியியலும் கணினியும் அறிவியலும் பயிலும் தமிழ் மாணவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் உள்ளனர். நாம் கற்பதை வீட்டில் உள்ளவர்களுக்கு நம் மொழியில் விளக்கிச் சொல்ல முயல வேண்டும். நான் முயன்றபோது ஒன்றை உணர்ந்தேன். 'முன்னுரிமை வரிசை' என்று எனக்கு நானே தமிழில் சொல்லிப் பார்த்த பிறகுதான், ஈராண்டாகத் தேர்வுக்குப் படித்த அப்பாடம் எனக்கே தெளிவாக விளங்கியது. அத்துடன், ஒத்திகையில் வரும் தோல்வியைக் கண்டு நாணத் தேவையில்லை. பேல்ஸின் தவறான முடிவு ஒரு பட்டியலாயிற்று. முதல் விக்ரமின் வீழ்ச்சி இரண்டாம் விக்ரமின் கால்களுக்கு வலுவாயிற்று.

பையில் போய் முட்டிய என் வண்டி இன்னும் என் மேசை மேல்தான் இருக்கிறது. அதன் நிரலைத் திருத்திவிட்டேன். இப்போது அளவு திடீரென்று மாறினால் அதைத் தள்ளிவிடாமல், ஒரு கணம் நின்று, மறுமுறை அளந்து பார்க்கிறது. அடுத்த விடுமுறையில் பாட்டியின் முன் அதை ஓட்டிக் காட்டுவதாக எண்ணம். இம்முறை மழுப்பாமல் விளக்குவேன்.